மிச்சம் வீட்டு நாற்காலி

எங்கள் தெருவில் குஷன் கடை வைத்திருப்பவரை எல்லாரும் மிச்சம் என்றுதான் கூப்பிடுவோம். வெட்டி எறிந்த ரெக்சினில் பர்ஸ் தைப்பார். பிடுங்கிய ஆணியைத் தட்டி நிமிர்த்தி மறுபடி அடிப்பார். ஊருக்கெல்லாம் சோபா செய்கிறவர் வீட்டில் உட்கார ஒரே ஒரு நாற்காலி, அதுவும் மிச்சம் மீதியில் செய்தது. அந்தக் கஞ்சத்தனம் அவரைக் கொலை வழக்கில் கொண்டுபோய் மாட்டிவிடும் என்று, பக்கத்துக் கடையில் சாவி வெட்டிக்கொண்டிருக்கும் நான் கனவிலும் நினைக்கவில்லை.

பஸ் கம்பெனி முதலாளி வீட்டு சோபாவுக்கு அவசரமாக எல்லாம் புதிதாகப் போடவேண்டும் என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். ஜூஸ் கொட்டிவிட்டதாம். பழைய துணி, ஃபோம் எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டுமாம். இவர் துணியை எரித்தார், ஃபோமை எரிக்க மனசு வரவில்லை. ஒரு மூலையில்தானே கறை? அதைக் கீழ்ப்பக்கம் திருப்பி, வீட்டு நாற்காலிக்குள் வைத்துத் தைத்துவிட்டார். பணக்காரர்களின் ஊதாரித்தனத்தை என்னிடம் வந்து நெடுநேரம் திட்டினார்.

பிறகுதான் ஏரிக்கரையில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. முதலாளி வீட்டில் வேலை செய்தவள். ஒருமுறை அந்த வீட்டு ஜன்னல்களுக்கு இவர் அளவெடுத்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப இழுக்காதீங்கய்யா, நானும் சேர்ந்து வந்துடுவேன்" என்று சிரித்தவள். அவள் வேலையை விட்டு முன்பே போய்விட்டாள், வீட்டுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று முதலாளி குடும்பம் ஒரே குரலில் சொன்னது. சோபாவுக்கு எல்லாம் புதிதாகப் போட்டது தெரிந்து போலீஸ் குஷன் கடைக்கும் வந்தது. எல்லாவற்றையும் எரித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார் மிச்சம். காரணம் மருமகன். முதலாளியின் பஸ்ஸில் டிரைவர், கம்பெனி கொடுத்த வீட்டில் குடியிருப்பு. இவர் வாயைத் திறந்தால் மகள் கைக்குழந்தையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அதன்பின் மனிதர் மனிதராக இல்லை. ஒருநாள் தையலைப் பிரித்துக் கறையைப் பார்த்தார், ஜூஸ் அப்படிக் காயாது, மறுபடி தைத்தார். எரித்தால் அந்தப் பெண்ணுக்கென்று இருக்கும் ஒரே அத்தாட்சியும் போய்விடும். வைத்திருந்தால் தலைக்கு மேல் கத்தி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மனைவியை அந்த நாற்காலியில் உட்காரவிட மாட்டார். உட்கார்ந்தால் தேய்ந்துபோய்விடுமாக்கும் என்று அந்த அம்மா என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். என்னிடம் மட்டும் அவர் எல்லாவற்றையும் கொட்டினார். கோழை என்று மனசுக்குள் திட்டினேன். எனக்கும் கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறாள் என்பது ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

முதலாளிமேல் வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. மிச்சம் சாட்சி சொல்லப் போகும் நாளுக்கு முந்தைய வாரம் மேனேஜர் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னால் தலையைக் குனிந்தபடி மருமகன். இருக்கிற ஒரே நாற்காலியை அந்த அம்மா துடைத்துப் போட்டார். மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார். எரித்துவிட்டேன் என்று கோர்ட்டிலும் சொன்னால் போதும், மாப்பிள்ளையின் வேலைக்கு ஒரு குறையும் வராது என்றார். போகும்போது சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

"நல்லா மெத்து மெத்துன்னு இருக்கே, எங்க வாங்குனீங்க?"



வழக்கன்று கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். இவர் கூண்டில் ஏறினார். எதிரே பெஞ்சில் மேனேஜர். நான் உட்கார்ந்த பெஞ்சின் கோடியில், செத்துப்போனவளின் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்குப் பக்கத்தில் மருமகன். ஃபோமை எங்கே வைத்து எரித்தீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டார். இவர் கூண்டின் கட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். வக்கீல் மறுபடி கேட்டார்.

"எரிக்கலைங்க. என் வீட்டுல இருக்கு, நாற்காலிக்குள்ள."

போலீஸிடம் ஒன்று, இங்கே ஒன்று, இந்த ஆளை எப்படி நம்புவது என்று முதலாளியின் வக்கீல் எகிறினார். வேறு யாராவது அந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறார்களா என்று நீதிபதி கேட்டார்.

"மேனேஜர் சார் போன வாரம் அதுமேலதாங்க உக்காந்தாரு. உக்காந்துக்கிட்டுத்தான், எரிச்சுட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

மேனேஜர் தன்னையறியாமல் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகன் யாரையும் பார்க்காமல் வெளியே போய்க்கொண்டிருந்தான்.

அன்றைக்கே போலீஸ் வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது. முதலில் பொய் சொன்னதற்கு அவர்மேலும் வழக்கு வரலாம் என்றார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இருட்டுவதற்குள் மகள் வந்து சேர்ந்தாள், இடுப்பில் குழந்தையும் கையில் பெட்டியுமாக. கூட மருமகன் வரவில்லை. நானும் அங்கேதான் நின்றிருந்தேன். மிச்சத்தின் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மிச்சம் மகளிடமிருந்து பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"உக்காரும்மா."

அவள் வழக்கமாக நாற்காலி இருக்கும் இடத்தைப் பார்த்தாள்.

"எங்கே உக்காருறதுப்பா?"