எக்ஸ்ரே அக்காவின் ஸ்பானிஷ் பரீட்சை

"மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சுக்குங்க. அசையக் கூடாது. சரி, விடுங்க."

இந்த நாலு வாக்கியத்தை ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை சொல்லித்தான் அவள் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்கினாள். மருத்துவமனையின் தரைத்தளத்தில், ஈயத் தகடு அடித்த கதவுக்குப் பின்னால் அவளுக்கு வேலை. தரை துடைப்பவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. படம் திரையில் விழுந்ததுமே அவளுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். நோயாளி சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டால், "டாக்டர் சொல்வாருங்க" என்பாள். சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவள்தான் அவனை ஆளாக்கினாள். தனக்குக் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல் அவனுக்குச் செய்துவைத்தாள். அவன் கப்பலில் எஞ்சின் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வீட்டுக்கு வந்தால் கிரீஸ் நகத்தோடு அக்காவின் தையல் மிஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டும்போது இரண்டு திருகாணியை மிச்சம் வைத்துவிடுவான். "இதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா அழகுக்குப் போட்டதுக்கா" என்பான்.

ஒரு பயணத்தில் அவன் கப்பலின் அடித்தளத்தில், மரப்பெட்டிகளுக்கு நடுவே, இருக்கக் கூடாத பொட்டலங்கள் இருந்தன. ஸ்பானிஷ் பேசும் ஒரு தேசத்தின் துறைமுகத்தில் கப்பலை மடக்கி, கேப்டன் முதல் சமையற்காரர் வரை பதினோரு பேரையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். கம்பெனி கையை விரித்தது. வழக்கு ஆமையாய் ஊர்ந்தது.

சனிக்கிழமை மாலையில் சிறைக்குப் போன் செய்யலாம். எதிர்முனையில் கட்டைக் குரலில் ஒரு காவலர் எடுப்பார். 'நான் அக்கா பேசுகிறேன், நானூற்றுப் பதினேழாம் நம்பர் கைதியோடு பேச வேண்டும்' என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்று தம்பி கடிதத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்பியிருந்தான். அவள் அதைக் கிளிப்பிள்ளையாய் ஒப்பிப்பாள். பக்கத்தில் தம்பி மனைவி காதை ஒட்டவைத்தபடி நிற்பாள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அவன் குரல் வரும்.

ஒரு சனிக்கிழமை அவன் வரவில்லை. காவலர் ஒரு வாக்கியம் சொன்னார். புரியவில்லை. அவர் திரும்பச் சொன்னார், சத்தமாக. "கிராசியாஸ்" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமையும் அதே வாக்கியம், அதே கிராசியாஸ். மூன்றாவது சனிக்கிழமை காவலர் பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது.

"என்ன அண்ணி சொல்றார்?"

"லைன்ல வர முடியாதுங்கிறார் போல. வேலை ஏதாவது குடுத்திருப்பாங்க."

நான்காவது வாரம் அவனே லைனில் வந்தான். "சளிக்கா, அவ்ளோதான். நீ சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டான். ஆனால் பொட்டைக் கண்ணோடு வழி கேட்டவள்போல் நின்ற அந்த மூன்று வாரம் அவளுக்கு உறுத்தியது. ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் நடந்த ஸ்பானிஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

ஐம்பதை நெருங்குகிறவள் அங்கே அவள் ஒருத்திதான். வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிற பெண்கள் சிலர், டிராவல் ஏஜென்சிக்காரர் ஒருவர். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று டீச்சர் சொன்னதும் ஏஜென்சிக்காரர் எழுந்து, "உசிரில்லாததை எல்லாம் நாம 'அது'ன்னு ஒரே மூட்டையா கட்டிட்டோம் டீச்சர். இவங்க நாற்காலிக்கெல்லாம் ஜாதகம் பார்க்கிறாங்களே!" என்றார். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு.

ஆறாவது பாடம், கட்டடங்களும் அறைகளும். சமையலறை, நூலகம், அலுவலகம் என்று டீச்சர் படம் காட்டிக்கொண்டே வந்தாள். சிலுவைக் குறி போட்ட கதவு ஒன்று வந்தது. "எஸ்தா என் லா என்ஃபெர்மெரியா" என்றாள் டீச்சர். "அவர் நோயாளிகள் அறையில் இருக்கிறார்."

அவள் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. அந்த மூன்று சனிக்கிழமைகளின் வாக்கியம் அதுதான். எழுத்துக்கு எழுத்து அதேதான்.

அடுத்த போனில் தம்பியைப் பிடித்து உலுக்கினாள். "மூணு வாரம் படுக்கையில கிடந்திருக்கே, என்கிட்ட ஏண்டா மறைச்சே?"

"அதான் எந்திரிச்சுட்டேனேக்கா." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். எத்தனையோ நெஞ்சுகளைப் பார்த்தவளுக்கு அந்த இருமல் பிடிக்கவில்லை.

கடலோடிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றுக்கு எழுதிப்போட்டாள். சிறையில் போய்ப் பார்க்கக் குடும்பத்தில் ஒருவரை எங்கள் செலவில் அனுப்பிவைக்கிறோம், ஆனால் மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொடுக்க வசதியில்லை, முதல்நிலைத் தேர்வில் தேறிய சான்றிதழ் இருந்தால் விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது.

அந்த ஏழு வாரமும் அவள் விழுந்து விழுந்து படித்தாள். ஒரு நோயாளி சட்டையைக் கழற்றி வருவதற்குள் ஒரு வினைச்சொல், அடுத்தவர் வருவதற்குள் இன்னொன்று. ஈய அங்கியின் பையில் சொற்களை எழுதிய அட்டைகள். ஒருநாள் மறதியாக ஒரு கிழவரிடம் ஸ்பானிஷில் மூச்சை இழுக்கச் சொல்லிவிட்டாள். அவர் மிரண்டுபோய், "இங்கிலீஷ் டாக்டரையே வரச்சொல்லிடும்மா" என்றார். வீட்டில் தம்பி மனைவி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். உச்சரிப்பைக் குதறிவைப்பாள். ஆனாலும் விடமாட்டாள்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, சிறையிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். அதே கட்டைக் குரல். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தது. வருந்துகிறேன். உங்கள் தம்பி. இன்று காலை.

அன்றைக்கு அவளுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது.

தம்பி மனைவி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து போன். அங்கேயே அடக்கம் செய்துவிடுவார்கள். அவனுடைய சாமான்களையும் மருத்துவக் கோப்பையும் ரத்த உறவு நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவார்கள். விதி பழையதுதான், சான்றிதழ் வேண்டும்.

அவள் பரீட்சைக்குப் போனாள். எழுத்துத் தேர்வு எப்படியோ ஓடிவிட்டது. வாய்மொழித் தேர்வில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சிரித்த முகத்தோடு, எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார். கூடப்பிறந்தவர்கள் உண்டா?

"எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்."

என்ன வேலை செய்கிறார்?

"கப்பலில் வேலை செய்கிறான்."

என்ன பிடிக்கும் அவருக்கு?

"மிஷின்களைப் பிடிக்கும். காபி பிடிக்கும்."

முதல்நிலைப் பாடத்தில் நிகழ்காலம் மட்டும்தான் உண்டு. இறந்தகாலம் இரண்டாம் நிலையில்தான் வரும். அவர் பச்சை மையில் ஏதோ குறித்துக்கொண்டு, "மிக நன்று" என்றார். வெளியே வந்து மாடிப்படியின் கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுபத்து நாலு மதிப்பெண். தேறிவிட்டாள், சங்கம் டிக்கெட் எடுத்துக்கொடுத்தது.

சிறையின் அலுவலக அறையில் ஒரு மேசை, மின்விசிறி, சாயம் போன நாற்காலிகள். கட்டைக் குரல்காரரைப் பார்த்தாள். நினைத்ததைவிட வயதானவர், கொஞ்சம் விந்தி நடந்தார். அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். இரண்டு சட்டை, ஒரு ஜதை செருப்பு, அவள் எழுதிய கடிதங்கள். மேலே ஒரு பெரிய உறை.

உறைக்குள் எக்ஸ்ரே படம். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வலது மேல்பக்கம் பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளை, நடுவில் குழி. காசநோய். இதைப் படிக்க அவளுக்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. இப்படிக் குழி விழ மாதக்கணக்கில் ஆகும். படத்தின் மூலையில் தேதி இருந்தது. அவன் சாவதற்குப் பதினோரு நாள் முன்புதான் எடுத்திருக்கிறார்கள்.

தேதியில் விரலை வைத்து, "ஏன்?" என்று கேட்டாள். அவர் படபடவென்று பேசினார். "மெதுவாகச் சொல்லுங்கள், தயவுசெய்து" என்றாள். அவர் மெதுவாகச் சொன்னார். இங்கே டாக்டர் இல்லை. மிஷின் இல்லை. வண்டி இல்லை. சொல்லிவிட்டு, கோப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார், தன்மேல் பழி வரக் கூடாது என்பதுபோல. குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. பக்கத்தில் மூன்று தேதிகள். மூன்றும் சனிக்கிழமைகள்.

அவள் கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ற கட்டத்தில் 'எர்மானா', அக்கா, என்று பிழையில்லாமல் எழுதினாள்.

வீடு திரும்பியதும் தம்பி மனைவி கோப்பைப் புரட்டிவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்கு அண்ணி?" என்று கேட்டாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். டாக்டர் சொல்வார் என்று சொல்லிப் பழகிய வாய்தானே. ஆனால் அவள் ஒரு வரி விடாமல் படித்துச் சொன்னாள், அந்த மூன்று தேதி உட்பட.

தம்பி மனைவி கோப்பை மூடிவைத்தாள். பிறகு, "நானும் பக்கத்துலதானே நின்னேன்" என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. தீரவில்லை.

மீதிப் பத்துப் பேர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். விஷயம் எப்படியோ பரவி, சமையற்காரரின் மனைவி முதலில் வந்தாள், அப்புறம் வெல்டரின் அப்பா. இப்போது சனிக்கிழமை மாலையில் அந்த வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். எக்ஸ்ரே அக்கா ஒவ்வொரு நம்பராகக் கேட்பாள். புரியாத சொல் ஒன்று வந்தாலும் போனை வைக்கமாட்டாள். போன வாரம் அப்படித்தான், சமையற்காரரைப் பற்றித் தெரியாத ஒரு சொல் வந்தது. எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லி, அகராதியைப் புரட்டிப் பார்த்தாள். வேறு கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

"நல்லாத்தான் இருக்காராம்மா" என்றாள்.

சமையற்காரரின் மனைவி தலையாட்டினாள். நம்பிய மாதிரி தெரியவில்லை. "இன்னொரு தடவை கேட்டுடுங்கக்கா" என்றாள். அவள் கேட்டாள்.