முகம் காட்டாத பூதம்

எண்ணெய் காணாத நிட்டிங் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம்... கர்ர்ர்... கர்ர்ர்...

அதுதான் அந்தப் படத்தில் வேற்றுக்கிரகத்துப் பூதத்தின் குரல். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் மிக்ஸி மக்கர் பண்ணினால் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது.

பேரைச் சொன்னாலும் உங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. சிரிப்பு வேண்டும், பயம் வேண்டும், விஞ்ஞானமும் வேண்டும், கையில் காசு மட்டும் கூடாது என்று முடிவு செய்து எடுத்த படம்.

குறை சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. பறக்கும் தட்டு என்று காட்டியது இரண்டு இட்லிக் குண்டான் மூடியை. கட்டித் தொங்கவிட்ட கயிறு கூடத் தெரியும்! கதாநாயகி பட்டப்பகலில் வீட்டை விட்டு ஓடுவாள், எதிரே இருக்கும் அணைக்கட்டுக்கு வருவதற்குள் கும்மிருட்டு ஆகிவிடும். பூதத்தின் காலில் ரப்பர் செருப்பு.

ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா... பூதம் கிணற்றுக்குள்ளிருந்து ஒற்றைக் கையை வெளியே நீட்டும் இடத்தில் தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. மறு நிமிஷம் காமெடியன் அந்தக் கையைப் பிடித்து ரேகை பார்ப்பான். பயந்த வாயே சிரிக்கும். கோடி கோடியாகக் கொட்டி எடுக்கிற படத்தில் இது வருகிறதா, சொல்லுங்கள்.

அந்தக் கை என் வீட்டுக்காரருடையது.

அப்போது அவர் எனக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினார். நான் அதே கம்பெனியில் பனியன் மடிக்கிற வேலை. ஆள் ஆறடி. தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்று போனவர் பதினோரு நாள் ஆளையே காணோம். திரும்பி வந்து, "அமராவதி டேம் பக்கம் ஷூட்டிங்குங்க... பூதமா நடிக்க வந்தவன் ரப்பர் சட்டைக்குள்ள வெந்து ஓடிப்போயிட்டானுங்க. சட்டை எனக்கு அளவாச் சரியா இருந்துச்சுங்க" என்றார்.

யார் நம்புவார்கள்?

அந்தப் பக்கம் அவருக்கு வேறொரு குடித்தனம் இருக்கிறது என்று எவனோ கொளுத்திப் போட்டான். அன்றோடு எங்கள் அப்பா அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'அந்தப் பையன்' ஆகிவிட்டார். கல்யாணப் பேச்சும் நின்றது.

"படம் வரட்டும். நான் வந்து பாக்கறேன். பொய்யுன்னு தெரிஞ்சுது, இந்தச் சம்பந்தம் அத்தோட அறுந்துது" என்றார் அப்பா.

ஆறு மாசம் கழித்துப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னி. கம்பெனி ஆட்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். அப்பா முன்னால் பெஞ்சில், அவர் கடைசி வரிசையில், நானும் அம்மாவும் பெண்கள் பக்கம்.

பேர் போட்டார்கள். அவர் பேர் இல்லை.

பூதம் வந்தது. தலை முழுக்க முகமூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அப்பா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். இடைவேளையும் வந்து போனது, அவர்தான் என்று சொல்ல ஒரு அடையாளம் இல்லை.

கடைசியில் பூதம் கதாநாயகியின் கழுத்தை நெரிக்கக் கையைத் தூக்கியது. தூக்கிய கை நின்றது. அவள் தோளில் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. பூதம் அதை மெல்ல எடுத்தது... விரலில் உருட்டியது... தன் ரப்பர் காதின் பின்னால் செருகிக்கொண்டது. அப்புறம் கழுத்தை நெரித்தது.

வேறு ஊரில் இதை என்னவென்று பார்த்தார்களோ தெரியாது. எங்கள் ஊரில் தியேட்டர் எழுந்து நின்றுவிட்டது. பஞ்சைக் கீழே போட்டால் பறந்து போய் மெஷின் ஊசியில் சிக்கும், துணியில் ஓட்டை விழும். அதனால் எந்தப் பஞ்சைக் கண்டாலும் எடுப்பது எங்களுக்குப் பழக்கம். எடுத்து, உருட்டி, காதுக்குப் பின்னால் செருகுகிறவர் கம்பெனியிலேயே ஒரே ஆள்தான்.

"அட, நம்ம சென்னியப்பனுங்கோ!" என்று யாரோ கத்த, ஒரே விசில்.

வெளியே வந்ததும் அப்பா நேராக அவரிடம் போனார். "ஏனுங் மாப்ள, அந்தப் புள்ள உசுருக்குத் தவிக்குது, நீங்க பஞ்சு பொறுக்கறீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "கை தானாப் போயிருச்சுங்க மாமா. திருப்பி எடுக்கப் பிலிம் இல்லீன்னு அப்பிடியே உட்டுட்டாங்க."

அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது டீ குடித்தால் கூட போட்டோ எடுத்துக் காட்டுகிறார்கள். அன்று ஒரு ஸ்டில் கூட அவருக்குக் கொடுக்கவில்லை. மகன் நெட்டில் தேடித் தேடிப் பார்த்தான். படமும் இல்லை, பாட்டும் இல்லை. "ஏனுங்ம்மா, பூதம் நான்தான்னு அப்பா உங்களுக்குச் சும்மா கதை உட்டுருப்பாருங்க" என்று போன வாரம் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்கிறேன். "ஊரே நம்பாதப்பக்கூட நீ ஒருத்தி நம்புனே கண்ணு" என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆறு மாசமும் நானும் நம்பவில்லை. அவர் சொல்லும்போதெல்லாம், "ஆமாங்க" என்று மட்டும் சொல்லி வந்தேன்.