சிங்கப்பூரில் ராகு காலம்

சிங்கப்பூரில் எதையெல்லாம் பார்ப்பது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு நான்தான் பட்டியல் போட்டேன். கடலோரத் தோட்டம், பறவைப் பூங்கா, ராட்சத ராட்டினம் எல்லாம் அதில் இருந்தன. ஸ்ரீரங்கத்தில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினேன். அக்காவின் கணவரான அத்திம்பேர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினார்.

“எல்லாம் சரி. ராகு காலம் நம்மூர் டைமா, அவா டைமா?”

அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விமானம் ஓட்டுகிறவனுக்கே இப்படியொரு கவலை வந்திருக்காது. “எதுக்கு வம்பு, ரெண்டையும் விட்டுடுவோம்” என்று அவரே தீர்ப்பும் சொன்னார். எமகண்டத்துக்கும் அதே சட்டம்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வெள்ளிக்கிழமை எப்படிப் போனது தெரியுமா? பத்து மணி வரை அத்திம்பேருக்குப் பூஜை. பத்தரைக்கு அவர்கள் ராகு காலம், ஒரு மணிக்கு நம் ராகு காலம். மூன்று மணிக்கு அவர்கள் எமகண்டம், ஐந்தரைக்கு நம் எமகண்டம். நடுவில் கிடைத்த சந்துகளில், அக்கா கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை ஓட்டல் அறையிலேயே சாப்பிட்டோம். ராட்டினம் ஜன்னலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று நாளும் இதே லட்சணம்தான்.

திரும்பி வந்து வாசலில் பெட்டியை இறக்கும்போதே எதிர்வீட்டு மாமி ஓடிவந்தார்.

“சிங்கப்பூர்ல என்னல்லாம் பார்த்தேள்?”

“நேரம் பார்த்தோம் மாமி” என்றேன். “நாலு நாளும் அதைத்தான் பார்த்தோம்.”