பாறையோரச் சுவர்

நம்பச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன். ஆனால் இது என் கண்ணெதிரே நடந்தது.

நான் ஆஷ்லின், ஆர்க்கிடெக்ட். தனியாக எடுத்த முதல் வேலை, செஞ்சிப் பக்கம் அனந்தபுரத்தை அடுத்து அடைக்கலராஜ், சூசை மேரி தம்பதிக்கான வீடு. நிலத்தின் நடுவே பெரிய பாறை. அதை உடைக்காமல், படுக்கையறையின் ஒரு பக்கச் சுவராகவே வைத்துக்கொண்டேன். மற்ற சுவர்களுக்கு அந்த நிலத்து மண்ணையே குழைத்துப் பூசினோம். ரோட்டிலிருந்து பார்த்தால் அங்கே வீடு இருப்பதே தெரியாது.

பூச்சு முடிந்த அன்று, மேஸ்திரி குமரேசனும் ஆட்களும் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். மாலை வெளிச்சத்தில் போட்டோ எடுக்க நான் மட்டும் இருந்தேன்.

5.40. படுக்கையறையில்... சப்.

ஈரச் சேற்றில் கை வைக்கும் சத்தம்.

போய்ப் பார்த்தேன். பாறையை ஒட்டிய மண்சுவரில், என் முழங்கால் உயரத்தில், ஒரு குழந்தையின் கை பதிந்திருந்தது. தரையில் கால்தடம் எதுவும் இல்லை.

குமரேசனுக்குப் போன் செய்தேன்.

“யாராவது குழந்தையைக் கூட்டிக்கினு வந்தீங்களா?”

“இல்லீங்க மேடம். நாங்க செஞ்சி டவுன்கிட்ட போய்க்கினு இருக்கோம்.”

5.46. சப்.

இடுப்பு உயரம். கை கொஞ்சம் பெரியது.

5.49. சப். நெஞ்சு உயரம்.

5.51. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்... மண் தானாக அமுங்கியது. ஐந்து விரல்கள்.

என் தோள் உயரம்.

என் கை அளவு.

ஏனோ அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடினேன்.

மறுநாள் காலை தம்பதி இருவரையும் அழைத்து வந்து காட்டினேன். அடைக்கலராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இங்கதான் வெச்சேன், மேரி.”

அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்திருக்கிறது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க அவர் தயங்கியிருக்கிறார். மனைவி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, தன் கையாலேயே தூக்கி வந்து இந்தப் பாறையோரம் புதைத்திருக்கிறார். எங்கே என்று அந்த அம்மா எத்தனையோ முறை கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

சூசை மேரி சுவரிலிருந்த கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். கடைசிக் கையின் மேல் தன் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“உனக்கு இன்னா வயசும்மா?”

“இருபத்தாறு.”

“அவளுக்கும் அதான்” என்றார்.