நான்கு விரல் வெள்ளம்

எங்கள் வீட்டின் வரலாறு முழுவதும் மாடிப்படிச் சுவரில் இருக்கிறது. ஆறு வீட்டுக்குள் வந்தபோதெல்லாம், தண்ணீர் ஏறிய உயரத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறோம். என் தலைக்கு மேலே இருப்பது வீட்டைக் கட்டிய கொள்ளுத்தாத்தா போட்டது. இடுப்பளவில் இருப்பது அப்பா ஆறு வயதில் போட்டது. என்னுடையது பாதியில் சறுக்கும். அண்ணன் முழங்கையால் இடித்த இடம் அது. வெள்ளையடிக்க வருகிறவர்களை அந்தச் சுவர்ப் பக்கமே விடமாட்டோம். முதல்முறை வருகிறவர்கள், சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று எங்களுக்காகப் பரிதாபப்படுவார்கள்.

சட்டம் ஒன்றுதான். தண்ணீர் வந்தபோது வீட்டுக்குள் இருந்தவர்தான் கோடு போடலாம். ஸ்கேலைப் பிடிப்பது வீட்டுப் பெரியவர். அப்பா இதில் இம்மியும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தோரு வருஷம். அவருக்குக் கோடு கிடையாது. ஊர்க் குடிநீர் நிலையத்தில் மோட்டார் ஓட்டுவது அவர் வேலை. வெள்ளம் வந்தால் நாங்கள் மாடிக்கு ஓடுவோம். அவர் மோட்டார்களைக் காப்பாற்ற அங்கேயே தங்கிவிடுவார். மூன்று வெள்ளம், மூன்றும் அவர் ஷிப்டில்.

"அண்ணி, நீங்க இன்னும் விருந்தாளிதான். காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று சீண்டுவது என் பொழுதுபோக்கு. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் இதற்காகவே வருவேன். ஒருநாள் அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் ஒரு கோடு வேணும். இந்த வீட்ல வேற ஒண்ணும் நான் கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வருஷமே ஆற்றுக்குக் குறுக்கே, ஊருக்கு மேலே அணை கட்டிவிட்டார்கள். ஆறு சாதுவாகிவிட்டது. ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட, அண்ணி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஓய்வு பெற்றார். மறுநாள் காலை வீட்டு மோட்டாரைப் போட்டுவிட்டு, இனி யாருக்காகவும் மணி பார்க்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டார். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் படி வழியாக இறங்கி, கூடத்தில் தேங்கியது. தெருவை வருஷா வருஷம் உயர்த்திப் போட்டதில் எங்கள் கூடம் பள்ளமாகிவிட்டது. உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. நான் நுழைந்தபோது அப்பாவின் செருப்பு மிதந்து வந்து என்னை வரவேற்றது.

கூடத்தின் நடுவே அண்ணி நின்றிருந்தார், கையில் பென்சிலோடு.

"மாமா, வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கு. நானும் வீட்லதான் இருந்தேன்."

"ஆறு வந்தாத்தாம்மா கோடு. தொட்டி வழிஞ்சதுக்கெல்லாம் கோடு போட்டா சுவர் தாங்குமா?"

"தொட்டிக்குத் தண்ணி எங்கேருந்து வருது மாமா? ஆத்துலேருந்துதானே? நேத்து வரைக்கும் நான்தான் ஏத்தி அனுப்பினேன்."

"அது வேற, இது வேற." அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் வழக்கம்போல யார் பக்கமும் சேராமல், கால்சட்டையை மடித்துவிடுவதில் மும்முரமாக இருந்தான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்ப்பா, அந்த மூணு வெள்ளத்துலயும் மாடிக் குழாய்ல நல்ல தண்ணி வந்துச்சே, யார் விட்டது? நாம இங்க கோடு போட்டு விளையாடிக்கிட்டு இருந்தோம். இவங்க அங்க மார்பளவு தண்ணில நின்னாங்க. இவங்க இந்த வீட்டு ஆள் இல்லேன்னா அப்புறம் யாருப்பா?"

சொன்ன பிறகுதான், இத்தனை வருஷம் சீண்டியது நான்தான் என்பது உறைத்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"ஸ்கேல் எங்கே?"

அவர் மூட்டுவலிக்காரர். நான்கு விரல் உயரத்தில் ஸ்கேல் பிடிக்கத் தண்ணீரிலேயே மண்டிபோட வேண்டியிருந்தது. எங்கள் யார் கோட்டுக்கும் அவர் அப்படிக் குனிந்ததில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டார். தேதி எழுதும்போது அழுதேவிட்டார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், கோட்டைக் காணோம். இந்த அமர்க்களத்தில் மோட்டாரை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் சுவிட்சுக்கு ஓடினான்.

"நில்லுடா!" என்று அப்பா அதட்டினார். எழுந்திருக்காமலேயே ஸ்கேலை ஒரு விரல் மேலே நகர்த்தினார். "போடும்மா, சீக்கிரம். வெள்ளம் ஏறுது."