கதவைக் கழற்றச் சொன்ன வீடு

அலமாரிக்கு அளவெடுக்கப் போகிற ஆசாரிக்கு, அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது டேப்பை விரிப்பதற்குள் தெரிந்துவிடும். மைசூரில் பல வருஷமாக டேப்பை விரித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்க்ரூ முடுக்கியே இடுப்பு போன சக ஆசாரிகளே, வீட்டுக்காரர்களிடம் நீங்களும் பட்டிருப்பீர்கள். என் பங்குக்கு ஒரே ஒரு வீட்டைச் சொல்கிறேன். ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன்.

தலைகீழ் வேலை

என்.ஆர். மொகல்லா என்கிற பகுதியில் ஒரு கட்டடம், இரண்டாம் மாடி. கூப்பிட்டது ஸ்டெல்லா என்கிற பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சமையலறையில் கதவு வேலை என்றாள். நானும் முருகேசனும் போனோம். முருகேசன் கௌதள்ளி என்கிற ஊர்க்காரன், என்னோடு வேலை செய்கிறவன், கையைவிட வாய் வேகம். போய்ப் பார்த்தால் கதவெல்லாம் நன்றாக இருந்தன. மைக்கா ஒட்டியவை, புதுசு மாறாதவை. "எதும்மா ரிப்பேர்?" என்றேன். "ரிப்பேர் இல்ல அங்கிள். எல்லாத்தையும் கழட்டிடுங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. அவள் ஒரு கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே பிரித்த சீரகப் பாக்கெட்டுகள், ஒன்றின் பின்னால் ஒன்று. மூலையில் முன்பு பீட்ரூட்டாக இருந்த ஏதோ ஒன்று. "கதவைச் சாத்தினா உள்ள இருக்கிறது எனக்கு இல்லாமலே போயிடுது அங்கிள். மறுபடி கடைக்குப் போய் அதையே வாங்கிட்டு வந்து நிக்கறேன். கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா சமாளிச்சுடுவேன்" என்றாள். கழற்றினோம். படி இறங்கும்போது முருகேசன் சொன்னான்: "டிரில்லுக்குச் சார்ஜ் போட்டு வையுங்க மேஸ்திரி, நாளைக்கு வாசக் கதவையும் கழட்டச் சொல்லும்."

பொங்கின பால்

வாசக் கதவு இல்லை, படுக்கையறை அலமாரி. அதையும் கழற்றச் சொல்லிவிட்டு டீ போடுகிறேன் என்று பாலை அடுப்பில் வைத்தாள். நடுவில் துணி மடிக்க வந்தாள். துணியை மடிக்கும்போது மகளின் ஸ்கூல் பையில் ஏதோ ஞாபகம் வந்து அங்கே போனாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. நாற்றம் வந்து நான்தான் கேஸை மூடினேன்.

துடைத்துக்கொண்டே சொன்னாள், டாக்டர் போன வருஷம்தான் ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று பெயர் சொன்னாராம். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் கவனம் இல்லாதவள் என்றார்கள், கல்யாணமான பிறகு பொறுப்பில்லாதவள் என்றார்கள். வார்டில் மட்டும் தடுமாற்றம் இல்லையாம், அங்கே எல்லாம் டிராலி மேல் கண்ணெதிரே இருக்குமாம். எனக்குக் கதை கேட்கப் பொறுமை கிடையாது. "எனக்குந்தாம்மா மறக்குது, நான் டாக்டரிடமா போனேன்?" என்றேன். துணியைப் பிழிந்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க அங்கிள். உங்களுக்கு மறந்தா வயசு, எனக்கு மறந்தா குணம்."

கெடு

மூன்றாவது வேலை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. கண் மட்டத்தில், கொக்கிகளோடு. முதல் கொக்கியில் ஐ.டி. கார்டு, அடுத்து ஸ்கூட்டர் சாவி, மகளின் தண்ணி பாட்டில், கடைசியில் அவளுடைய மாத்திரை டப்பா. எடுக்கிற வரிசையில் மாட்ட வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று சொன்னாள். ஒரு கொக்கி கொஞ்சம் தள்ளிப் போனதற்கு மறுபடி துளை போடச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

அப்போதுதான் புருஷன் அருள் வந்தான். குரலை உயர்த்தாத ஆள். எனக்கு நாற்காலி எல்லாம் போட்டான். விஷயத்தையும் அவனே சொன்னான். டியூட்டிக்கு லேட்டாகப் போய் மெமோ வாங்கியிருக்கிறாள். ஒரு நாள் மகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவர மறந்திருக்கிறாள். தசரா வரைக்கும் பார்ப்பது, அதற்குள் வீடு சரியாகவில்லை என்றால் அவள் வேலையை விட்டுவிடுவது. இதுதான் பேச்சு. ஸ்டெல்லா மாத்திரை டப்பாவை மாட்டுவதும் எடுப்பதுமாக நின்றாள். அருள் என்னிடம் நியாயம் கேட்டான்: "வேலைக்குப் போகாதேன்னு நான் சொல்லல மேஸ்திரி, எல்லா வீட்லயும் பொம்பளைங்க பண்றதைத்தானே கேக்கறேன்?"

மானம்

மழைக் காலத்தில் அதே கட்டடத்தில் கீழ் வீட்டுக்கு ஜன்னல் சட்டம் மாற்றப் போனேன். காலையில் மேலே இருந்து ஸ்டெல்லா இறங்கினாள். கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் சாவி, பின்னால் பாட்டிலோடு மகள். "பலகை மாட்டினதிலிருந்து ஒரு நாளும் லேட் இல்ல அங்கிள்!" என்று ஸ்கூட்டரிலிருந்தே கத்தினாள். சரி, செய்த வேலை உபயோகப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ் வீட்டுக்காரம்மா கன்னடத்தில் யாருக்கோ ஃபோன் பேசிக்கொண்டிருந்தவர், அதை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்தார். மேல் வீட்டுக்கு ஒரு தடவை போனாராம். பருப்பு, புளி, உள்பாவாடை எல்லாம் கடை விரித்த மாதிரி தெரிகிறதாம். தமிழில் கேட்டார், எனக்குப் புரிய வேண்டும் என்று: "ஏன்ரீ மேஸ்திரி, கதவு மாட்டறதுக்குள்ள உங்க கூலி குடுக்க முடியாம நிறுத்திட்டாங்களா, பாவம்?"

விருந்தாளி வருகிறார்கள்

தசராவுக்கு முன்னால் அருள் கூப்பிட்டான். மகளுக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற விசேஷம். ஊரிலிருந்து உறவு வருகிறது. கதவுகளை மாட்ட வேண்டும். கழற்றும்போதே பின்பக்கம் பென்சிலில் எண் போட்டு வைத்திருந்தேன். திரும்ப மாட்டச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஸ்டெல்லா டியூட்டிக்குப் போயிருந்தாள். அருளின் அம்மா சொந்த ஊரான ராமாபுரத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாகத் துடைத்து உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷி இல்லை. மருமகளுக்கு உதவி செய்வதாகத்தான் நினைப்பு.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணில் படணுமாம். கண்ணாடிக் கதவு போட்டுவிடலாமா?" என்றேன். நான் யாருக்கும் வலியப் போய் யோசனை சொல்கிற ஆள் இல்லை. அருள் அம்மாவைப் பார்த்தான். அம்மா கண்ணாடி வேண்டாம் என்று கையை ஆட்டினார். வாசல் பலகையையும் எடுக்கச் சொன்னார், அந்த இடத்தில் இயேசுவின் திரு இருதயப் படம் வர வேண்டுமாம். நான் கூலிக்காரன். மாட்டினேன், எடுத்தேன். சாமான்களை மூட்டை கட்டும் நேரத்தில் ஸ்டெல்லா வந்தாள். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமியார்தான் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் சொன்னார்: "இப்பப் பாருங் ஆசாரி, இனி ஆரு வந்தாலும் வெக்கப்படாம உக்கார வெக்கலாமுங்."

சர்க்கரை

விருந்தெல்லாம் முடிந்து பல வாரம் கழித்து ஒரு கீல் சரி பார்க்க முருகேசனோடு போனேன். வேலை நாள், காலை நேரம். கதவைத் திறந்தது ஸ்டெல்லா. நைட்டியில். "டியூட்டி இல்லையாம்மா?" என்றேன். ஐ.டி. கார்டு எந்த டிராயரில் போனது என்று தேடியே தினமும் லேட். இன்னொரு மெமோ. அருள் கெடுவை ஞாபகப்படுத்தினான். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். இவ்வளவையும் மளிகைச் சாமான் விலை சொல்வது போலச் சொன்னாள்.

டீக்குச் சர்க்கரை தேடினாள். ஒரு கதவைத் திறந்தாள், இல்லை. அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தாள். அதையும் விட்டாள். பின்னாலேயே மாமியார் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். இவள் திறக்க, அவர் சாத்த. சர்க்கரை இல்லாத டீயை வாங்கிக் குடித்தோம். ஸ்டெல்லா பக்கத்தில் நிற்கும்போதே மாமியார் என்னிடம் சொன்னார்: "வேலையவே உட்டாச்சுங் ஆசாரி, இன்னும் சக்கரை எங்கிருக்குதுன்னு தெரியில பாருங்."

மூடும்போது சத்தமே வராத கதவுதான் நல்ல கதவு என்பார்கள் எங்கள் தொழிலில். அப்படிப் பார்த்தால் அந்த வீட்டில் நான் செய்து கொடுத்தது முதல் தரமான வேலை.