பட்டணத்துக்கு வந்த அட்டை

ஈரப் படங்கின் வாடையும் பால்மா வாடையும் கலந்து மூச்சை அடைத்த ஒரு பகல்பொழுதில்தான் நான் முதன்முதலாகக் கொழும்பைப் பார்த்தேன். கொழும்பு என்று நம்பினேன். தொண்ணூறுகளின் நடுவில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில், பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில், கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்குகளால், கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் "புள்ளக் காம்பரா"வின் ஜன்னல்களை மூடி இருட்டாக்கி, பதுளையிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்த டிவியையும் வீடியோ "டெக்"கையும் வைத்தார்கள்.

சாமி படம் கேட்டிருக்க, மாறி வந்த கசெட்டில் இருந்ததோ இங்கிலீஷ் படம். கடலிலிருந்து ஏறிவந்த ராட்சத அட்டையொன்று மாடிக் கட்டடங்களில் ஊர்ந்து, பஸ்களை வளைத்து, உள்ளே இருந்தவர்களை உறிஞ்சியது. ரப்பர் என்று பார்த்தாலே தெரியும். பட்டாளம் அதைச் சுட்டுக்கொண்டே இருந்தது. தினமும் காலில் சவுக்காரம் தேய்த்து அட்டை பிடுங்குகிற எங்கள் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. "கூறுகெட்டவங்களா, சவுக்காரத்தத் தேயுங்கடா!" என்று கத்தினார்கள்.

பேச்சு ஒருவருக்கும் விளங்காததால், பதினாறு வயதான என் அக்கா பரமேஸ்வரி டிவிக்குப் பக்கத்தில் எழுந்து நின்று அட்டைக்குக் குரல் கொடுக்கத் தொடங்கினாள். "என்னங்கடா ரத்தம் இது, சப்புன்னு இருக்கு! மடுல்சீமைக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று அது கேட்டதும் காம்பராவே அதிர்ந்தது.

சின்னப்பிள்ளையான நான் மட்டும் சிரிக்கவில்லை. மாடிக் கட்டடங்கள் என்றால் எனக்குக் கொழும்புதான். அப்பா மலைச்சரிவில் விழுந்து படுக்கையானதிலிருந்து அக்காவின் படிப்பு நின்றிருந்தது; அடுத்த திங்கட்கிழமை அவள் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போவதாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை பதுளை பஸ் நிலையத்தில் அவள் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டு, "போகாத அக்கா, அங்க அட்டை இருக்கு," என்று கதறினேன். அவள் சிரிக்காமல் பையைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியிலிருந்த சவுக்காரக் கட்டியைக் காட்டினாள். "பார்த்தியா? எடுத்துக்கிட்டுத்தான் போறேன்."

"அழாத, தீவாளிக்கு வந்துருவா," என்று அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

வந்தாள், இரண்டு தீபாவளிக்கு. பிறகு குவைத், பிறகு கொழும்பிலேயே கல்யாணம். எங்களோடு ஒரே கூரையின்கீழ் அவள் மறுபடி வாழவேயில்லை.

இன்று அந்தப் புள்ளக் காம்பரா இருந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். போன மாதம் போனில் அந்தப் படத்தைப் பற்றி அக்காவிடம் கேட்டேன்.

"அட்டைப் படமா? ஞாபகமே இல்லடி," என்றாள். பிறகு, "நான் என்னமோ பேச, அம்மா கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாங்களே, அதுவா? அதுக்காகத்தான் நான் நிறுத்தாமப் பேசுனேன்," என்றாள்.

அம்மா அன்று எங்கே உட்கார்ந்திருந்தார்? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு முன்னால் அட்டை இருக்கிறது, அக்கா நிற்கிறாள். பின்னால் ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.